ஜெயித்த சைக்கிளும் என் இரண்டு விரல்களும்

என் வலது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி போய்விட்டது. இதை நான் ரகசியமாக வைத்திருக்கவில்லை. ஊரே கேட்கச் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை ஓட்டு, தானா சரியாயிடும்" என்றார்கள். சைக்கிள் ஓட்டி வந்த கோளாறுக்குச் சைக்கிளையே மருந்தாக எழுதிக் கொடுக்கிற ஊர் இது. பீர் குடித்து வந்த தலைவலிக்கும் இங்கே அதே வைத்தியம்தான்.

நான் ரோசான். சர்ச்சுக்கு எதிர்த்தாற்போல் சலூன் வைத்திருக்கிறேன். ஆணும் பெண்ணும் வருவார்கள். கத்தரி பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வளையத்தில் கட்டைவிரல், அடுத்த வளையத்தில் மோதிர விரல், பின்னால் நீளும் வாலில் சுண்டு விரல். வேறு எந்த விரல் போனாலும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். இந்த இரண்டும் மரத்துப் போனால் கத்தரி எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. என் பிழைப்பு இந்த இரண்டு விரலில் இருக்கிறது. சாப்பாடும் அதில்தான், மரியாதையும் அதில்தான்.

என் கணவன் லீவென் தரைவிரிப்பு ஆலையில் வேலை செய்கிறான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்ல மாட்டார்கள். "திருவிழாச் சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்ச லீவெனா?" என்பார்கள். இருபத்திரண்டு வயதில், சொந்த ஊர்த் திருவிழாவில், சொந்த ஊர் ஜனங்களின் கண்முன்னே, கல் பாவிய மேட்டில் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாக வந்து ஜெயித்தான். எங்கள் பக்கத்தில் அப்படி ஜெயித்தவன் சாகிறவரை ராஜா. அந்தச் சைக்கிளை வீட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைத் துடைக்கிறானோ இல்லையோ, அதைத் துடைப்பான்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்குப் புருஷன் கிடையாது. சைக்கிள் கிளப்புக்குப் போய்விடுவான். மழையில் நனைந்து, சேறு அப்பி, மதியம் பீர் வாசனையோடு வருவான். மகள் இருந்தவரை பொழுது போயிற்று. அவளும் வேலைக்கென்று ஆன்ட்வெர்ப் பட்டணத்துக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீடு என்னைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. போன செப்டம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன்.

"நானும் வரேன்."

"எங்க?"

"கிளப்புக்கு. மெதுவாப் போற கோஷ்டி ஒண்ணு இருக்குல்ல, அதுல."

லீவென் கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்து கொட்டகைக்குப் போனான். திரும்பி வரும்போது தோளில் அந்தச் சைக்கிள். "இது உனக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் கலங்கியது. இத்தனை வருஷத்தில் மகளைக்கூட அவன் அதைத் தொட விட்டதில்லை.

என்னைவிட அவன் ஒரு தலை உயரம் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிளப் தலைவர் கில்பர்ட் வந்தார். திருவிழாப் பந்தயத்தன்று லீவெனுக்கு வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர்தான். லீவென் ஜெயித்ததில் பாதி தனக்குச் சேரும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர். என்னைச் சீட்டில் உட்கார வைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். கால் நேராக நீளுகிறவரை சீட்டை இறக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"முடிஞ்சுது. வேலையப் பாரு."

"ஹேண்டில் ரொம்ப தூரத்துல இருக்கு, தலைவரே. குப்புற விழற மாதிரி இருக்கு."

"அது பந்தய வண்டிம்மா. குப்புறத்தான் இருக்கும். ரொட்டி வாங்கப் போற வண்டின்னு நெனச்சியா?"

லீவென் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஹேண்டிலத் தொடக் கூடாது, ரோசான். அது ஜெயிச்ச அளவு. சீட்ட இறக்கினதுக்கே எனக்குப் பாதி உயிர் போச்சு" என்றான்.

அந்த வாரம் ஒரு வாடிக்கைக்காரி தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டே சொன்னாள், கெண்ட் நகரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், சைக்கிளையும் ஆளையும் வைத்து அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்கிறாள் என்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒரு தடவை போய்விட்டு வந்தால் நல்லதாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து எல்லோரும் கஃபேயில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், சபையே கலகலத்தது.

"அளவெடுக்கவா?" என்று கில்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்ன தைக்கப் போறோம், கல்யாணச் சட்டையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்!"

கசாப்புக்கடை ரூடி போன வருஷம்தான் கிளப்பில் சேர்ந்தவன். அவன் கையைத் தூக்கினான். "நான் போனேன். உடம்பெல்லாம் பொட்டு ஒட்டினாங்க. என் எலும்புக்கூட்ட கம்ப்யூட்டர்ல சைக்கிள் ஓட்ட விட்டுக் காட்டினாங்க. காசு போனதுதான் மிச்சம், முதுகுவலி அப்படியே இருக்கு."

"தொப்பையையும் அளவெடுத்தாங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் கேள்வி காணாமல் போயிற்று.

கில்பர்ட் விடவில்லை. "இதக் கேளு. புதுசா வர்றவங்க உடம்பு வாரத்துக்கு வாரம் மாறும். இன்னிக்கி வளையாத இடுப்பு ரெண்டு மாசத்துல வளையும். இன்னிக்கி எடுத்த அளவு அப்பச் சேராது. மொதல்ல ஓட்டணும். ஒரு வருஷம் ஓட்டிட்டு அப்பவும் வலிச்சா அந்தப் பொண்ணுகிட்டப் போ, நானே கூட்டிட்டுப் போறேன்."

இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் நியாயம்தான். ஓட்டப் போவதே மாசத்தில் இரண்டு தடவை என்றால், அதற்கு எதற்கு உடம்பெல்லாம் பொட்டு? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வலிக்கிறது என்று ஒருத்தி சொன்ன பிறகும் அதே பாட்டைப் பாடுகிறவனை என்னவென்று சொல்ல?

வலி மூன்றாவது ஓட்டத்திலேயே வந்துவிட்டது. முதலில் உள்ளங்கையின் வெளிப்பக்கம் எரிந்தது. பிறகு கல் பாவிய சாலைகளில் இறங்கும்போது விரலுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. சீட்டின் மூக்கு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வழுக்கி வழுக்கி முன்னால் போய், உடம்பின் பாரம் முழுவதையும் இரண்டு கைகளில் தாங்கினேன். ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்ததால் முழங்கையை மடக்கவும் முடியாது. கல்லின் ஒவ்வொரு அடியும் நேராக உள்ளங்கையில் வந்து விழுந்தது.

சொன்னேன். இறுக்கிப் பிடிக்கிறாய், தளர்த்து என்றார்கள். தளர்த்தினேன். கையுறையை இரட்டையாகப் போடு என்றார்கள். போட்டேன். லீவென் ஹேண்டிலுக்கு இரண்டு சுற்று நாடா சுற்றிக் கொடுத்தான். "கல்லு ரோட்டுல எல்லாருக்கும்தான் கை மரக்கும். ஜெயிச்ச அன்னிக்கி என்னால கோப்பையக்கூடப் பிடிக்க முடியல, தெரியுமா?" என்றான். தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும். கஷ்டப்படாதவன் சைக்கிள்காரனே இல்லை என்பது இங்கே வேதவாக்கு. வலி என்று சொன்னால் பாராட்டுவார்களே தவிர, நிறுத்து என்று ஒருத்தன் சொல்ல மாட்டான். எனக்கும் ரோஷம். ராஜாவின் பெண்டாட்டி பாதியில் இறங்கினாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

திங்கள்கிழமை சலூனுக்கு விடுமுறை. முன்பெல்லாம் செவ்வாய்க்குள் கை சரியாகிவிடும். டிசம்பரில் அது புதன்கிழமைவரை இழுத்தது. ஜனவரியில் போகவே இல்லை.

அந்த மாதம் ஒரு காலையில் பவுலா டீச்சர் வந்தார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். காதோரம் கொஞ்சம் சீர் செய்யச் சொன்னார். கத்தரி வளையத்துக்குள் விரல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது நழுவி வெளியே வந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. டீச்சர் "ஸ்ஸ்" என்றார். காது மடலிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி வெள்ளைத் துணியில் பரவியது. கண்ணாடியில் அதைப் பார்த்த பிறகுதான் நான் வெட்டிவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அழுதேன். டீச்சர் என்னைத் தேற்றினார், பாவம். "காது கிடக்கட்டும். உன் கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் லீவெனிடம் சொன்னேன்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "வேலை ஜாஸ்தி. கவனம் சிதறிருக்கும்."

"காத வெட்டினதே எனக்குத் தெரியலடா!"

"எங்கயோ நெனப்ப வெச்சுட்டு வெட்டினா அப்படித்தான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்கு வந்தாலும் அதற்கு ஒரு பரிசுக் கோப்பை கேட்பான்.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. சலூனை அரை நாள் பூட்டிவிட்டு, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு கெண்டுக்குப் போனேன். அளவெடுக்கிற பெண்ணின் பெயர் யோலீன். அவள் பொட்டு எதுவும் ஒட்டவில்லை. என்னைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் "எறங்குங்க" என்றாள்.

"என்ன வேல பாக்கறீங்க?"

சொன்னேன்.

இரண்டு விரல் மரத்துப் போனதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எந்த ரெண்டு விரல்?"

காட்டினேன். அவள் முகம் மாறியது. "இது யாரோட வண்டி?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரனோடது."

"உங்களுக்கு இது ரெண்டு அளவு பெருசு. சின்ன வண்டி ஒண்ணு வாங்கறதுதான் நல்லது. அது முடியலன்னா சீட்டோட மூக்கத் தூக்கி மட்டமாக்கணும், ஹேண்டிலப் பிடிச்சிருக்கற இந்தத் துண்ட எடுத்துட்டுக் குட்டையா ஒண்ணு போட்டு மேல ஏத்தணும். பாரம் கையிலேருந்து இடுப்புக்குப் போயிடும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"காபி ஆறதுக்குள்ள முடிஞ்சுடும். திருகாணி முடுக்கற ஆலன் சாவி ஒண்ணு போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்ளோதானா? இதுக்கு நீங்க வேணுமா?"

அவள் சங்கடமாகச் சிரித்தாள். "உண்மையச் சொல்லணும்னா வேணாம். என்கிட்ட வர்ற புதுசுல முக்காவாசிப் பேருக்கு நான் தேவையே இல்ல. சைக்கிள் கடைக்காரங்களே பண்ணிக் குடுத்துடுவாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டுப் பண்ணணும், அவ்ளோதான்."

அவள் அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். எனக்கு அது சமாதானமாக இல்லை. இது பெரிய வித்தை, பட்டணத்தில் படித்தவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் சொல்லியிருந்தால் நான் என் புருஷனை மன்னித்திருப்பேன். ஆலன் சாவி அவன் கொட்டகையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. காபி ஆறுகிற நேர வேலையைச் செய்யாமல், குளிர்காலம் முழுக்க என் விரல் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். உள்ளங்கையில் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். உணர்ச்சி திரும்புகிறவரை சைக்கிளைத் தொடாதே. திரும்பிய பிறகும் பழைய மாதிரி அழுத்தம் கொடுத்தால், அடுத்த தடவை உணர்ச்சி வரும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் வந்து சொன்னேன். யோலீன் மாற்றிக் கொடுத்த வண்டியையும் கொட்டகையில் காட்டினேன். ஹேண்டில் மேலே ஏறி, கிட்டே வந்து நின்றது.

 லீவென் செத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றான். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றான். அப்புறம், "சரி" என்றான்.

அந்த "சரி"யை நான் நம்பினேன். நம்பினதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

சைக்கிளைத் தொடவில்லை. சவரக்கத்தியையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கழுத்து மயிரை மெஷினால் எடுத்துக் கொடுத்து, கத்தரி வேலையைக் கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் செய்தேன். ஒரு தலைக்கு ஆகிற நேரத்தில் முன்பு இரண்டு தலை முடிப்பேன். பிப்ரவரிக் கடைசியில் மோதிர விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபிக் கோப்பையை அந்த விரலால் தொட்டுத் தொட்டுச் சூட்டைப் பார்த்தேன். சுண்டு விரல் இன்னும் கட்டையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று வந்தால் மற்றதும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர்காலச் சவாரிகள் முடிந்து, கிளப்பின் புது சீசனில் முதல் ஓட்டம் மார்ச்சில். அன்று கல்லு ரோட்டை முடிந்தவரை தவிர்த்து, வாய்க்கால் ஓரமாக, மாற்றின வண்டியில் கொஞ்ச தூரம் மட்டும் போய்ப் பார்க்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையை உதறிக்கொள் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

முதல் ஓட்டத்தன்று கஃபே வாசலில் கிளப்பே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். அந்தப் போட்டோ வருஷம் முழுக்க கஃபே சுவரில் தொங்கும். அதனால் முந்தின நாள் சனிக்கிழமை ஆம்பிளைகள் எல்லோரும் என் சலூனுக்கு வந்து வரிசையாக உட்காருவார்கள். இந்தத் தடவை முதலில் வந்தது மூன்று பேர். லீவெனும் ரூடியும் பெஞ்சில். கில்பர்ட் நாற்காலியில். அவர் முதல் ஆளாகத்தான் உட்காருவார், தலைவர் இல்லையா.

இடது பக்கம் முடித்தேன். வலது பக்கம் போவதற்குள் அவருக்கு வாய் அரித்தது.

"நாளைக்கி போட்டோவுல உன் சைக்கிள்தான் முன்னாடி நிக்கணும், ரோசான். ஜெயிச்ச வண்டி திரும்ப ரோட்டுக்கு வருது, சும்மாவா?"

"நிக்கட்டும், தலைவரே."

"அதான், நானும் லீவெனும் நேத்து சாயங்காலம் கொட்டகையில உக்காந்து வண்டிய ஒழுங்கு பண்ணிட்டோம். அந்தக் கெண்டுக்காரி என்னத்தையோ பண்ணி வெச்சிருந்தா. கூனக் கெழவி மாதிரி ஹேண்டில் மேல தூக்கிட்டு நின்னுது, தூ! பழையபடி கச்சிதமா எறக்கியாச்சு. சீட்டும் பழைய எடத்துக்கு வந்தாச்சு."

கத்தரியை நிறுத்தினேன்.

கண்ணாடியில் பெஞ்சு தெரிந்தது. லீவென் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"லீவென்," என்றேன். "உண்மையா?"

"போட்டோவுக்காகத்தான். அப்புறம் மாத்திக்கலாம்."

"போட்டோ எடுத்த கையோட அதுல ஏறி நான் ஓட்டணும். கல்லு ரோடு ரெண்டு தாண்டித்தான் வாய்க்காலுக்கே போகணும். எனக்குச் சொல்லுவியா, ஏறினப்புறம் நானே கண்டுபிடிச்சுக்கணுமா?"

"ஒரு நாள்தானே ரோசான். ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது? ஊரே பாக்கும். அந்த வண்டிய அப்படி ஒரு கோலத்துல..." அவன் குரல் தேய்ந்தது. "என் வண்டிடி அது."

"எனக்குத்தான் குடுத்துட்டேன்னு சொன்ன? கண்ணு கலங்கக் குடுத்தியே?"

கில்பர்ட் கழுத்துத் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி, "ஏம்மா, சண்டைய அப்புறம் வெச்சுக்க. பாதியில நிக்குது என் தலை" என்றார்.

"நிக்கட்டும்."

"என்னது?"

"நீங்கதான் ஒரு கண்ண மூடிட்டுப் பாத்தா எல்லாத்தையும் சரியா வெச்சிருவீங்களே தலைவரே. கண்ணாடி அங்க இருக்கு. மிச்சத்த நீங்களே பாத்து வெட்டிக்கங்க." துணியை அவிழ்த்து உதறினேன். மயிர் அவர் மடியில் கொட்டியது. "எழுந்திரிங்க."

ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறு பக்கம் காதை மூடித் தொங்க, மனிதர் எழுந்து நின்றார். ரூடிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.   

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று லீவென் எழுந்தான். "ஊர் சிரிக்கும்! ஒரு சின்ன மரத்துப் போன வெவகாரம், அத வெச்சுக்கிட்டுக் குளிர்காலம் பூரா எங்க உயிர எடுக்கற. சொல்லிட்டேனே, உன் கைக்கு ஒண்ணும் இல்ல!"

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல!"

இழுப்பறையைத் திறந்து சவரக்கத்தியை எடுத்தேன். புது பிளேடு மாட்டினேன். அதை மாட்டவே மூன்று தடவை தவறிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாற்காலியைத் தட்டித் துடைத்து அவன் பக்கம் திருப்பினேன்.

"அப்ப வா. உக்காரு. மெஷின் வேணாம், பழைய மாதிரி கத்தியாலயே கழுத்துக்குச் சவரம் பண்ணி விடறேன். முன்னாடியும் பண்றேன், தொண்டைக்கு. நாளைக்கிப் போட்டோவுல பளபளன்னு இருப்ப."

லீவென் நாற்காலிவரை வந்தான். வீம்புதான். கைப்பிடியில் கையை வைத்தான். அவன் பார்வை என் முகத்தில் இல்லை. கத்தியில் இருந்தது. கத்திக்கடியில் வளைந்து நிற்க வேண்டிய சுண்டு விரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அதை மடக்கு என்று நான் சொன்னாலும் அது கேட்காது. அவன் அதைத்தான் பார்த்தான்.  

"உக்காருடா."

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"இன்னிக்கி வேணாம், ரோசான்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். கெஞ்சுகிற குரல்.

அந்தக் குரலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவன் முட்டாள் இல்லை. நான் சொன்னதை ஒரு நாளும் நம்பாமல் இருந்ததில்லை. பவுலா டீச்சரின் காதைப் பற்றிச் சொன்ன அன்றே நம்பியிருக்கிறான். தன் தொண்டை என்று வரும்போது இந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கொட்டகையில் சாவியைத் திருகும்போதும் தெரிந்துதான் திருகியிருக்கிறான்.

"தெரியும் உனக்கு" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான்.  நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், மூன்று ஆம்பிளைகளுக்கு நடுவில், கூச்சமில்லாமல்.